காது கொடுத்த கூட்டம்

அயல்மொழித் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அவர் தொண்டையைக் கனைத்ததுமே கேன்டீன் நிரம்பிவிடும்.

இன்றைய கருத்தரங்கில் அதிசயம். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நாற்காலி நுனியில் அசையாமல் இருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் பெண் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரப் பேச்சை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்தார்.

"மொழிதான் மனிதர்களை இணைக்கிறது!" என்று அவர் முடிக்கவும், கூட்டம் துள்ளி எழுந்து கைதட்டியது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் கண்ணாடி அறைக்கு ஓடினார். "பிரமாதம்மா! ஒருத்தரையும் அசைய விடலையே நீ!"

அவள் செல்போனை அவசரமாக மறைத்தாள். "மன்னிச்சிடுங்க சார். இன்னைக்கு ஃபுட்பால் ஃபைனல். ஸ்கோர் மட்டும் சொல்லும்மான்னு எல்லாரும் கெஞ்சினாங்க. ஒரு தடவை சொன்னேன், அப்புறம் நிறுத்த முடியல. முழு மேட்சையும் சொல்லிட்டேன்."

தலைவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சரி, முன்வரிசையில அந்தம்மா அழுதாங்களே, அதுவாவது என் பேச்சுக்குத்தானே?"

"அவங்க நாடு தோத்துப்போச்சு சார்."