மூன்றாவது மாடியில் பதினாலு நாள்

காலை ஏழு பத்து. மூன்றாவது மாடியில் முப்பது கட்டில், நாலு நர்ஸ். வாசலில் நோட்டும் கைக்கடிகாரமுமாக வார்டு சிஸ்டர் அஞ்சலாட்சி.

"ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் மாலா. "நீ ஊசி போட எவ்ளோ நேரம், நான் பெட்ஷீட் மாத்த எவ்ளோ நேரம், எல்லாத்தையும் எழுதறாங்க."

"எதுக்குக்கா?" என்றாள் ஜஹபர் நிஷா. நாலு பேரில் கடைசியாகச் சேர்ந்தவள். இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருந்தாள்.

"படிக்கிறாங்கள்ல, அதுக்கு."

புதுச்சேரி உப்பளம் பகுதியில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாற்பத்தாறு வயதில் அஞ்சலாட்சி மறுபடி மாணவி ஆகியிருந்தார். நர்சிங் தலைமைப் பொறுப்பும் நிர்வாகவியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. சனி, ஞாயிறு வகுப்புக்கு ஸ்கூட்டரில் லாஸ்பேட்டை போய்வருவார். பட்டம் மட்டும் வந்துவிட்டால், அடுத்த வருடம் காலியாகும் நர்சிங் சூப்பிரண்டு நாற்காலி அவருக்குத்தான் என்று பேச்சு.

கடைசி செமஸ்டரில் ஓர் ஆய்வு. ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்பதை அவர் எடுத்துக்கொண்டார். பதினாலு நாள், நாலு பேரின் வேலையையும் நிமிடக் கணக்கில் குறிக்க வேண்டும். நிர்வாக மேலாளர் கலைவாணன் உடனே சம்மதித்தார். அந்தக் கணக்கை வைத்தே மூன்றாவது மாடிக்கு ஆள் எண்ணிக்கையை முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டார்.

"ஆளைக் குறைக்கத்தான்" என்றாள் மாலா. "நம்ம முதுகுல ஏறி அவங்க நாற்காலிக்குப் போறாங்க."

"குறைச்சா என்னைத்தானேக்கா அனுப்புவாங்க?" நிஷா வீட்டில் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

"சோம்பேறின்னு எழுத இடம் குடுக்காத. ஓடு. நாலு பேருமே ஓடுவோம்."

ஓடினார்கள். டீ குடிக்கப் போகவில்லை. யாரும் உட்காரவில்லை. ஒரு மணி நேரத்தில் வார்டைச் சுற்றிவரும் மருந்து வண்டி முப்பத்தைந்து நிமிடத்தில் சுற்றிவந்தது. அஞ்சலாட்சி முதல் நாள் மட்டும், "மெதுவா, எப்பவும் போலவே பாருங்க" என்றார்.

"நாம மெதுவா போறதை எழுதணும், அதானே" என்று முணுமுணுத்த மாலா இன்னும் வேகமாக ஓடினாள்.

பதினாலாம் நாள், பதினாறாம் கட்டிலில் இருந்த தெய்வசிகாமணி அஞ்சலாட்சியைக் கூப்பிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர். வார்டில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா', பிரெஞ்சில் சிப்பாய்.

"என்னம்மா, உன் பொண்ணுங்க எல்லாம் பட்டாளத்துல சேரப் போறாங்களா? நான் வந்ததுல இருந்து அணிவகுப்பாவே இருக்குது."

"ஏங்க ஐயா, சரியா கவனிக்கலையா?"

"ஊசி நேரத்துக்கு வருது. மாத்திரையும் வருது. போன தடவை படுத்திருந்தப்ப இந்தச் சின்னப் பொண்ணு பக்கத்துல நின்னு நாலு வாய் ஊட்டிட்டுத்தான் போவும். இப்ப தட்டை வெச்சுட்டுப் பறக்குது. என் கைதான் நடுங்குதே. பாதி சோறு தரையில."

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். அஞ்சலாட்சி அவளைப் பார்த்தார். நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"என் வேலை போச்சுக்கா" என்றாள் நிஷா மாலாவிடம்.

டிசம்பரில் கல்லூரி முடிவு வந்தது. ஆய்வில் அஞ்சலாட்சி தேறவில்லை.

மாலா கேன்டீனிலிருந்து நாலு பேருக்கும் சமோசா வாங்கி வந்தாள். "நம்மள ஓடவிட்டாங்க. இப்ப அவங்க நிக்கிறாங்க."

அன்று மதியமே லீவு கையெழுத்துக்காக அவள் மேலாளர் அறைக்குப் போனாள். கலைவாணன் கடுப்பில் இருந்தார்.

"உங்க சிஸ்டர் எழுதுன நோட்டு எங்கம்மா? ரெண்டு மாசமா கேக்கறேன். எனக்கும் தரல, காலேஜுக்கும் தரல."

"ஏன் சார்?"

"நீங்க வேலை பார்த்த வேகத்துக்கு மூணு பேர் போதும்னு கணக்கு வருதாம். எனக்கு அதுதானே வேணும். அவங்க என்னடான்னா, 'நான் அளந்தது வேலையை இல்ல சார், பயத்தை. அதைக் கொடுத்தா பொய்'ங்கறாங்க. முதல்ல இருந்து அளக்கறாங்களாம். அதுவரைக்கும் நாலு பேர்ல ஒருத்தரையும் குறைக்கக் கூடாதாம். எழுத்துல குடுத்துட்டுப் போயிருக்காங்க."

மாலா கையெழுத்து வாங்காமலே மாடியேறினாள்.

ஜனவரியில் அஞ்சலாட்சி புது நோட்டோடு வந்தார்.

"இந்தத் தடவை ஓடாதீங்க. டீக்குப் போங்க. நிஷா, யாருக்காவது ஊட்டணும்னா உட்கார்ந்து ஊட்டு."

"ஒருத்தருக்கே கால் மணி நேரம் ஆவுமே சிஸ்டர்."

"ஆகட்டும். அதுவும் வேலைதான். எழுதிக்கிறேன்."

மாலா தயங்கி நின்றாள். "சிஸ்டர், உங்களுக்கு எவ்ளோ நாள் தள்ளிப்போவும்?"

"ஒரு செமஸ்டர். ஏழாம் கட்டிலுக்கு டிரிப் முடியப்போவுது, போய்ப் பாரு."

2025 மே மாதம், மூன்றாவது மாடிக்கு நாலு நர்ஸ் தேவை என்பதை நிர்வாகம் ஏற்றது. ஜஹபர் நிஷாவின் வேலை நிரந்தரமானது.

ஜூன் 2, திங்கட்கிழமை, கடலூரிலிருந்து வந்த வேறொருவர் நர்சிங் சூப்பிரண்டாகப் பொறுப்பேற்றார். அஞ்சலாட்சிக்குப் பட்டம் வர அப்போது இன்னும் ஆறு வாரம் இருந்தது.