உட்கார இடமில்லை

"பிறந்தநாள் வாழ்த்துகள்மா! இந்த வருஷமும் வர முடியல. ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை," என்றான் சீட்சே போனில்.

"நீ வராததே நல்லதுடா! வீடு ஜேஜேன்னு இருக்கு. லேவார்டன் ஊர்ல பாதிப் பேர் இங்கதான். உக்கார இடமில்ல. காபி ஊத்தியே கை ஓய்ஞ்சுபோச்சு, வச்சிடறேன்!" என்றாள் அம்மா.

பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது.

போனை வைத்த அம்மா, ரேடியோவை அணைத்தாள். வட்டமாகப் போட்டிருந்த காலி நாற்காலிகளில் ஒன்றில், வெட்டாத கேக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அந்தத் தெருவில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை.

அவளை ஆச்சரியப்படுத்தத்தான் சீட்சே பொய் சொல்லியிருந்தான். பூங்கொத்தோடு வாசலில், அந்த ஜன்னலருகே நின்றவன், சற்றுப் பொறுத்து மணியை அழுத்தினான்.

"அம்மா, ஒரு ஓரமா உக்கார இடம் கிடைக்குமா?"