ஒழுகும் இடமெல்லாம் பொட்டு

தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், ரவிச்சந்திரன் வாங்கி வந்த பழைய அலுமினியப் படகு உட்கார்ந்திருக்கிறது. தேயிலைச் சரிவில் மூடுபனி விலக, அதன் நசுங்கிய வயிற்றில் வெயில் மினுங்குகிறது. அவன் குடம் குடமாகத் தண்ணீரை உள்ளே ஊற்றுகிறான். உள்ளே ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று வெளியே தெரிந்துவிடும். அடைத்துவிட்டு, அணையில் மீன் பிடிக்கப் போகலாம். "நீச்சல் தெரியாதவருக்குப் படகு எதுக்குங்க?" என்று வாரமெல்லாம் சண்டை போட்ட மனைவி சரிதாதான் இப்போது படகுக்கு அடியில் குனிந்திருக்கிறாள். தகடுகளை இணைக்கும் ஆணிகளில் சொட்டுகிற ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிறாள். சாக்பீஸ் ஈரத்தில் நிற்காதாம்.

"படகு வாங்குனீங்களா, சல்லடை வாங்குனீங்களா?"

"சல்லடைக்குக் கல்யாணக் களை வந்துருச்சு பாரு."

அவள் சிரிக்கவில்லை. பொட்டு அட்டை காலியாகிவிட்டது. இன்னும் ஓர் இடம் சொட்டுகிறது. அவள் கை தன் நெற்றிக்குப் போகிறது.

"அதை எடுக்காத, சரிதா."

அவன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மண்டியிடுகிறான். சொட்டுகிற இடத்தில் விரலை வைத்து அழுத்துகிறான். முழங்கை வழியே தண்ணீர் வழிகிறது.

"நீ கடைக்குப் போய் வேற அட்டை வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் கையை எடுக்க மாட்டேன்."