மாயவரத்தம்மா வைத்த பேனர்

“கையெழுத்து கெடக்கட்டும்டி. மொதல்ல பேனர் வைப்போம்” என்றார் மாயவரத்தம்மா.

பூர்ணிமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எனக்கு பேனர் வேணாம் அத்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள இருப்பிடச் சான்று குடுக்கலைன்னா ஸ்காலர்ஷிப் அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“போவாது. நீ போயி நல்லதா ஒரு போட்டோ எடுத்துட்டு வா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கட்டும்.”

சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள் அவள்?

திருத்துறைப்பூண்டி பக்கத்து அந்த ஊருக்கு, ரைஸ் மில் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை, இந்த ஊர்ப் பள்ளியில் ‘அ’னா ‘ஆ’வன்னாவில் தொடங்கி, பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்துவிட்டது. கோயம்புத்தூரில் விவசாயப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தாயிற்று. முழுச் செலவையும் ஏற்க ஓர் அறக்கட்டளையும் தயார். ஒரே நிபந்தனை, டெல்டா மாவட்டத்துப் பிள்ளையாக இருக்கவேண்டும்.

விஏஓ தங்கமான மனுஷர். “ஊர்ல பட்டா உள்ளவங்க ரெண்டு பேரு, இந்தப் பொண்ணு இத்தனை வருஷமா இங்கதான் இருக்குன்னு எழுதிக் குடுக்கட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

அந்த ரெண்டு பேர்தான் அகப்படவில்லை.

மில் முதலாளி நெடுஞ்செழியன், “உனக்குச் செய்யாம யாருக்கும்மா செய்யப் போறேன்? ஆனா இந்தக் கையெழுத்து, கிய்யெழுத்துன்னா நாளைக்கு ஏதாவது வம்பு வரும்” என்று நழுவினார்.

முன்னாள் ஊராட்சித் தலைவர் இராஜாங்கம், “இன்னிக்கி சான்றும்பாங்க, நாளைக்கி வீட்டுமனைம்பாங்க. நமக்கெதுக்கு?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிள்ளை இப்படி அலைந்துகொண்டிருக்கும்போதுதான் பஸ் ஸ்டாப் இட்லிக் கடைக்காரம்மாவுக்கு பேனர் ஆசை!

“எல்லாம் தன் மூஞ்சிய நடுவுல போட்டுக்கத்தான்” என்றார் தினமும் அங்கே சாப்பிடும் ரெங்கசாமி, அந்தக் கடை இட்லியையே பிட்டுக்கொண்டு.

மாயவரத்தம்மா அதைக் காதில் வாங்கவில்லை. டீ குடிக்க வந்த நெடுஞ்செழியனைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, பேனர்ல உங்க படத்தப் போடலாமா?”

“அதெல்லாம் எதுக்கும்மா எனக்கு...” என்றவர், அதே மூச்சில், “வெள்ளைச் சட்டையில ஒண்ணு இருக்கு, அனுப்பறேன்” என்றார்.

“கீழ என்னண்ணே எழுதலாம்?”

“‘எங்கள் ஆலையில் வளர்ந்த செல்வமே’ன்னு போடு.”

“எந்த வருஷத்துலேருந்துண்ணே? வருஷம் போட்டா எடுப்பா இருக்கும்.”

“ரெண்டாயிரத்துப் பதிமூணு. நல்லாப் பெருசாப் போடு. செலவு என்னோடது.”

சேதி இராஜாங்கத்துக்குப் போனது. குறுவை நடவை அப்படியே விட்டுவிட்டு, காலில் சேறோடு கடைக்கு வந்துவிட்டார்.

“என்னை விட்டுட்டு பேனரா? அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போயி ஒண்ணாங்கிளாஸ்ல சேத்ததே நான்தான். அதைப் போடு. என் படம் அவரு படத்தைவிடச் சின்னதா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“சரிங்கண்ணே. வருஷம்?”

“அதே வருஷந்தான்.”

வியாழக்கிழமை காலையில் பேனர் எழுந்தது. ‘எங்கள் ஊரின் மகளே, வாழ்க!’ இரு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்கள் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் எங்கோ ஸ்டாம்ப் சைஸில் பூர்ணிமாவும் இருந்தாள்.

பெரிய மனிதர்கள் அதன் கீழே நின்று ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது, விஏஓவின் பைக் வந்து நின்றது.

“சாட்சி கெடைச்சாச்சுன்னு போன் பண்ணினீங்களேம்மா, எங்க?”

“அண்ணாந்து பாருங்க சார்” என்றார் மாயவரத்தம்மா.

விஏஓ பஸ் ஸ்டாப்புக்கே கேட்கும்படி படித்தார். “‘2013 முதல் எங்கள் ஆலையில் வளர்ந்த செல்வமே!’ அடடே. ‘அதே ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் நான் சேர்த்த நட்சத்திரமே!’ பலே.”

மேலே கும்பிட்ட அதே இரண்டு முகங்களும் கீழே அசடு வழிந்தன.

“ரொம்பத் தெளிவா இருக்கு. இதையே பேப்பர்லயும் எழுதிடலாமா?”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இராஜாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எழுதிட்டாப் போச்சு! நான் எப்பவோ போட்டிருப்பேனே, யாரு கேட்டா?”

“பேனாவ இப்புடிக் குடுங்க” என்று முந்திக்கொண்டார் நெடுஞ்செழியன். அதிலும் யார் முதல் என்று ஒரு சின்னப் போட்டி நடந்தது.

பூர்ணிமா ஓடிவந்து மாயவரத்தம்மாவைக் கட்டிக்கொண்டாள். பேனரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி ஒருமுறை மேலும் கீழும் தேடினாள்.

“உங்க போட்டோவே இல்லையே அத்தை?”

“என்னதப் போட்டு என்னடி ஆவப்போவுது?” என்றபடி இட்லித் தட்டில் துணியை விரித்தார் அவர். “இருபது வருஷமா இங்க இட்லி அவிச்சுப் போடறேன். காளியம்மான்னு எனக்கொரு பேரு இருக்கறதே இந்த ஊருக்குத் தெரியாது. இன்னும் மாயவரத்தம்மாதான். ஒரு வெளியூர்க்காரிக்கு இன்னொரு வெளியூர்க்காரி சாட்சி சொன்னாச் செல்லுமாடி?”