மேலே போகிற பட்டன்

“என் ஹெலிகாப்டரை யார் தொட்டது?”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பஸ் டிரைவர் போட்ட சத்தத்தில், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள்.

“நேத்து வரைக்கும் கீழே இருக்கிற நீளப் பட்டனை அமுக்கினா மேலே போச்சு. இன்னைக்கு அமுக்கினா அசையவே மாட்டேங்குது. இங்க பாரு, ‘மேலே: டி’ன்னு காட்டுது. உன் வேலைதானே?”

“சத்தியமா நான் தொடலைப்பா. நகருங்க, பழையபடி மாத்தித் தரேன்.”

“வேணாம் தாயே. நீ மாத்தின வரைக்கும் போதும்.”

மூன்று மாதத்துக்கு முன், டிரைவர் ஓட்டிய பஸ் மீது ஒரு லாரி மோதியதில் அவருடைய இடது கை நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் தவிர மற்ற மூன்றும் மடங்குவேனா என்கின்றன. அது கியர் போடுகிற கை. அடுத்த மாதம் டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. அந்தக் கை இறுகப் பிடிக்காவிட்டால், இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர் இனி டிப்போ வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் நம்பரை எழுத வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். “அமுக்குங்க, அமுக்குங்க” என்று மனைவி நச்சரித்ததிலேயே அது அலமாரிக்கு மேலே போய்விட்டது. மனைவி சொல்வதைச் செய்யாமல் இருப்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்.

வீட்டில் பொழுது போகாமல் எரிந்து விழுந்தவருக்கு, மகள்தான் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். இன்ஜின், சக்கரம், விசிறி எல்லாம் கிடக்கும். நாமே வண்டி கட்டி, எந்தப் பட்டனுக்கு எது வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்து ஓட்ட வேண்டும்.

பஸ் கட்டினார், ஓடியது. ஹெலிகாப்டர் கட்டினார், மாட்டிக்கொண்டார்.

முதல் தடவை வாலில் விசிறி வைக்க மறந்துவிட்டார். ஹெலிகாப்டர் எழும்பியதும் பம்பரமாகச் சுற்றியது. வாலுக்கு ஒரு விசிறி வைத்த பிறகு சுற்றுவது நின்றது. ஆனால் அந்த வால் விசிறிக்கான பட்டனை ஆள்காட்டி விரல் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை மௌஸைப் பிடித்துச் சாய்வைப் பார்க்க வேண்டும். மேலே போக, கட்டைவிரல். அதை விட்டால் தொப்பென்று தரையில்.

இப்போது பாழாய்ப்போன ‘டி’ நடுவிரலுக்கு வந்து நிற்கிறது.

“இந்த வயசுல பொம்மை ஹெலிகாப்டர் ஒண்ணுதான் குறைச்சல். மூடி வைங்க அதை!” ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கும் மனைவி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்தபடியே கத்தினாள். “அதுவும் கோழி கொத்துற மாதிரி குத்திக்கிட்டு! ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு விரல் இருக்கு. முறையா வச்சாத்தான் என்ன?”

அவள் மூடச் சொன்னதற்காகவே கூடுதலாக ஒரு மணி நேரம் ஓட்டினார்.

ஒரு வாரம் விழுந்து எழுந்து, நடுவிரலால் அழுத்திப் பிடித்து, உயரமான ஒரு கோபுரத்தின் உச்சியில் இறக்கியும் விட்டார். மறுநாள் உட்கார்ந்தால், ‘மேலே: எஸ்’.

“யாரு இது? விளையாடுறீங்களா என்கூட?”

மகளோடு பேச்சை நிறுத்தினார். காலண்டரின் பின்பக்கம் பெரிதாக ‘எஸ்’ என்று எழுதி வைத்துக்கொண்டார். மோதிர விரலைக் கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் காலண்டரில் ‘எஸ்’ இருந்தது. ஹெலிகாப்டரில் ‘ஏ’ இருந்தது.

மகள் கண்கலங்கிப் போனாள். “அப்பா, கோவிச்சுக்காதீங்க... ஒருவேளை நீங்களே மாத்திட்டு மறந்துட்டீங்களோ?”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கைதான் நசுங்கியது என்று இருந்தோமே, தலையிலும் அடிபட்டிருக்குமோ? யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மறதி பிடித்தவனை நம்பி யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரிடம் மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு மரக்கட்டையை நீட்டினார்.

“பிடிங்க. நான் இழுக்கிறேன், விடக்கூடாது.”

பிடித்தார். டாக்டர் இழுத்தார். கட்டை வரவில்லை.

“அட! பந்தை நல்லா அமுக்கியிருக்கீங்க போல.”

“அது எங்க கிடக்குன்னே தெரியாது சார். கையை விடுங்க, என் தலையை ஒரு தடவை பாருங்க.” டிரைவர் குனிந்து தலையைக் காட்டினார். “ஹெலிகாப்டர்ல நேத்து இருந்த பட்டன் இன்னைக்கு இல்லை. எழுதி வச்சாலும் மாறிப்போகுது. புத்தி பேதலிச்சுடுச்சோன்னு பயமா இருக்கு. வீணா என் பொண்ணை வேற திட்டிட்டேன்.”

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னம்மா இது என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்:

“அவர் தலைக்கு ஒண்ணுமில்லை சார். நடுவிரலும் மோதிர விரலும் தேறிடுச்சு, சுண்டு விரலுக்குத்தான் இன்னும் அழுத்தம் பத்தலை. ஹெலிகாப்டரை இன்னும் ஒரு வாரத்துக்கு ‘ஏ’யிலயே விட்டு வைக்கட்டுமா?”