சார்ஜென்ட் வீட்டுக் கூரை

எண்பது வயதான சார்ஜென்ட் ஒடூரோ கண்ணை மூடிப் படுத்து நான்கு நாளாயிற்று. கஞ்சிகூட இறங்கவில்லை. ஏழு பிள்ளைகளும் அக்ராவிலிருந்து ஓடி வந்தார்கள்.

"சாவுக்கு ஊரே திரண்டு வரும். பட்டாளத்து பேண்டு வரும். இந்த ஒழுகுற வீட்டக் காட்டினா நம்ம மானம் போயிடும்," என்றான் மூத்தவன் யாவ்.

"இத்தன வருஷமா அப்பா கேட்டப்ப முடியாதுன்னீங்களே?" என்றாள் தாய் சேர்வா.

"அது வேற, இது வேறம்மா."

புதுத் தகரம் ஏறியது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பிறகு பந்தலுக்குச் சொல்லிவரக் கிளம்பினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் வாளியோடு கட்டிலருகே வந்த சேர்வா அண்ணாந்து பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"வாளிய எடுத்து வெளிய வை," என்றபடி ஒடூரோ எழுந்து உட்கார்ந்தார். "ஃபூஃபூ இருந்தா கொண்டா. பசி உயிர் போகுது."



அவர் சுவரில் தொங்கிய மெடலைச் சோர்வாகப் பார்த்தார்.

"பர்மாவுல எதிரிங்க நடுவுல இப்படித்தான் செத்த மாதிரி கிடந்தேன். அதுக்கு இந்தத் தகரத் துண்டக் குடுத்தாங்க. பெத்த பிள்ளைங்க பரவால்ல, முழுக் கூரையையே குடுத்துட்டாங்க."