அத்தை தொடாத அன்னாசி ஜாம்

“உனக்கு என்னதாம்மா சமைக்கத் தெரியும்?”

தங்கமணி மருமகளாக வந்த மறுநாளே மாமியார் இராஜம்மா கேட்ட கேள்வி அது. அதன்பின் அவள் வைத்த குழம்பு, ரசம் ஒன்றுக்கும் அத்தை தலையாட்டவில்லை.

இன்று கடைசி நம்பிக்கை. கிள்ளானில் அவள் அப்பாவுக்கு அன்னாசித் தோட்டத்தில் வேலை. ஜாம் மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிளறுவாள். “அம்மாவுக்கு அன்னாசின்னா உசுரு” என்று கணவன் ஜெயராஜும் சொல்லியிருந்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க வாசனை. துருவிய பழமும் சீனியும் பட்டையும் சுருண்டு, தட்டில் விட்ட சொட்டு ஓடாமல் நின்றது. அடுத்த வீட்டுப் பவுனம்மாள் ரொட்டித் துண்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“யம்மாடி! தொர வீட்டு ஜாமெல்லாம் இதுக்குக் கிட்ட வருமா!”

தங்கமணி கரண்டியை அத்தையிடம் நீட்டினாள். “நீங்க ஒரு வாய், அத்தே...”

இராஜம்மா எச்சிலை விழுங்கினாள். மாமியாரும் மருமகளும் சேர்ந்து பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் அக்கா தங்கை என்று நினைப்பார்கள். அவ்வளவு கருகருவென்ற கூந்தல் அவளுக்கு. அதை அள்ளி முடிந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னிக்கு விரதம்.”

“காலையில அஞ்சு இட்லி சாப்பிட்டீங்களே?”

“அது... பல்லு கூசுது.”

“நேத்து முழுக் கரும்பக் கடிச்சுத் துப்பினியே, அந்தப் பல்லா?” என்றாள் பவுனம்மாள்.

“வேணாம்னா விடுங்களேன்!”

தங்கமணியின் கண் நிறைந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். துணிமூட்டையோடு திரும்பி வந்தாள்.

“எங்கடி கெளம்பிட்ட?” இராஜம்மா பதறினாள்.

“அப்பா வீட்டுக்கு. என் கை பட்டதே உங்களுக்கு ஆகல. சாயங்கால ரயில்ல போறேன்.”

இராஜம்மா ஓடிவந்து மூட்டையைப் பிடுங்கினாள்.

“அப்படி இல்லடி தங்கம்! வாசன மூக்கத் தொளைக்குது. சட்டியோட தின்னுடலாம்போல இருக்கு. நீ ஒரு ஜாடியில போட்டுப் பத்திரமா எடுத்து வையி. ஒரு ஏழு மாசம் போகட்டும், நானே வழிச்சுத் தின்னுக்கறேன்!”

பவுனம்மாளின் வாய்க்குப் போன ரொட்டி பாதியில் நின்றது.

“ஏழு மாசமா? அடிப்பாவி! இந்த வீட்டுல மருமககிட்டக் கேக்கவேண்டியத மாமியாகிட்டக் கேக்க வெச்சிட்டியே... ஏண்டி இராஜம்மா, முழுகாம இருக்கியா?”

இராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.